மாத்திரைக் காலத்தில் கூட இருந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

திருப்பூரிலும் அவிநாசிப் பக்கமும் இதைப் படிக்கப்போகிற என் ஆட்களுக்கு வணக்கமுங்க.

பேர் போட்டு நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் பொம்பளை சமாச்சாரத்தில் பேர் அடிபடுவதை உங்களில் பாதிப் பேர் விரும்ப மாட்டீர்கள், என் அத்தை உட்பட. அதனால் பேரில்லாமலே எழுதுகிறேன். யார் யாரென்று படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். எனக்கு எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உள்பக்கம் இருக்க வேண்டிய சவ்வைப் போன்ற திசு, வெளியே சினைப்பையிலும் குடல் பக்கமும் வளர்ந்துவிடுகிறது. மாதாமாதம் அதுவும் சேர்ந்து வீங்கிப் புண்ணாகிறது. சினைப்பைக்குள் பழைய ரத்தம் தேங்கிக் கட்டியானால் சாக்லேட் சிஸ்ட் என்பார்கள். எனக்கு இடதுபக்கம் இருந்தது. கருத்தரிக்கும் வயதில் இருக்கும் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு இந்த நோய் உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தக் கணக்குக்கு எங்கள் பனியன் கம்பெனியில் லைனுக்கு ஒருத்திக்காவது இருக்க வேண்டும். ஒருத்தரும் வாயைத் திறந்ததில்லை.

லேப்ராஸ்கோப்பியில் கட்டியை எடுத்தார்கள். எடுத்தாலும் திரும்ப வரக்கூடியது என்பதால் ஹார்மோன் மருந்து வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தது கருத்தடை மாத்திரை. கல்யாணமாகிக் குழந்தை இல்லாத வீட்டில் கருத்தடை மாத்திரை அட்டை கிடந்தால் என்ன ஆகும் என்று நம்ம ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நோயைப் பற்றிப் பேசக்கூட ஆள் கிடைத்துவிடும். அந்த மாத்திரை உடம்பில் ஆடுகிற ஆட்டத்தைப் பற்றிப் பேசத்தான் ஆளிருக்காது. ஒன்று, "மாத்திரைன்னா அப்படித்தான், பழகிக்கோ" என்பார்கள். இல்லாவிட்டால், "அந்தக் கருமத்த நிறுத்தித் தொலை" என்பார்கள். நான் முதலில் காட்டிய ஆஸ்பத்திரியில்கூட முதல் பதில்தான் கிடைத்தது. இந்த இரண்டையும் சொல்லாமல் "என்ன பண்ணுது, எப்ப இருந்து?" என்று கேட்டவர்களுக்காகத்தான் இந்த மடல்.

செக்கிங் டேபிளில் எனக்கு எதிரே நிற்கும் அக்காவுக்கு முதலில். மாத்திரை ஆரம்பித்த புதிதில் காலையில் பஸ் ஏறும்போதே குமட்டும். "ராத்திரி சோறு தின்னுட்டுப் போடு கண்ணு, தூக்கத்துல போயிரும்" என்று சொன்னது நீங்கள்தான். பெரியவனுக்கும் சின்னவளுக்கும் நடுவில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலா-என் கருத்தடை மாத்திரை வாங்கிப் போட்ட கதையையும், கடைசி வரிசையில் வரும் அந்த இரும்புச்சத்து மாத்திரைகளைக் கணவருக்குத் தெரியாமல் முருங்கை மரத்தடியில் வீசிய கதையையும் சொன்னீர்கள். மாத்திரை நேரம் மாற்றியதும் குமட்டல் நின்றது. வீசியதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை. அது ரத்தசோகைக்காக வைத்திருப்பது அக்கா, வீசக்கூடாது.

அப்புறம் அந்த யானை ஆர்டர். குழந்தைகள் டி-ஷர்ட், நெஞ்சில் யானைப் படம். பீஸை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் யானைக்குத் துதிக்கையைக் காணோம். பிரிண்ட் விட்டுப்போச்சு என்று அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி டேமேஜ் பக்கம் போட்டேன். அடுத்ததிலும் துதிக்கை இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. நீங்கள் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, யானை நல்லாத்தான இருக்குது?" என்றீர்கள். அதற்குள் காணாமல்போன இடத்தின் ஓரமெல்லாம் ஜரிகை மாதிரி கோணல்மாணலாக மினுமினுக்க ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அது அடங்கி, தலைவலி பிடித்துக்கொண்டது. மற்றவர்களாயிருந்தால் டீ குடிக்கச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் சூப்பர்வைசரிடம் பேசி அவுட் பாஸ் வாங்கி, என் கையைப் பிடித்து மெடிக்கலுக்குக் கூட்டிப்போனீர்கள். பீஸ் ரேட்டில் நிற்கிற ஆள் அரை நாளை விட்டால் சனிக்கிழமை சம்பளத்தில் எவ்வளவு குறையும் என்று எனக்குத் தெரியாதா?

மெடிக்கலில் இருக்கும் பார்மசிஸ்ட் தங்கச்சிக்கு. தலைவலி மாத்திரை கேட்டால் எடுத்துக் கொடுத்துச் சில்லறை வாங்குவதோடு வேலை முடிந்தது. நீ, "வேற ஏதாவது மாத்திரை போடறீங்களாக்கா?" என்று கேட்டாய். பின்னால் நாலு ஆண்கள் நின்றார்கள், நான் முழித்தேன். கல்லா ஓரமாக வரச்சொல்லித் துண்டுச் சீட்டையும் பேனாவையும் நீட்டினாய். மாத்திரைப் பேரை எழுதியதும் உன் முகம் மாறியது. "கண்ணுல வெளிச்சம் மின்னித் தலைவலி வர்றவங்களுக்கு இது ஆகாதுங்க்கா. இன்னிக்கு ராத்திரி போடறதுக்கு முன்னாடி டாக்டரப் பாத்துருங்க." அன்றைக்கு விற்றிருக்க வேண்டிய தலைவலி மாத்திரை அட்டையைக்கூட நீ விற்கவில்லை.

அதற்குக் காரணத்தைப் பின்னால் டாக்டரம்மா விளக்கினார். கண்ணில் இப்படி மின்னலோடு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏற்கெனவே சற்று கூடுதல். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை அதை இன்னும் கூட்டும். எந்த வயதானாலும் அவர்களுக்கு அந்த மாத்திரை கூடாது என்பதுதான் விதி. எனக்கு மாத்திரைக்கு முன்னால் அப்படி வந்ததேயில்லை. அதனால்தான் புதிதாக ஒன்று கிளம்பினால் உடனே சொல்ல வேண்டும் என்றார்.

தங்கச்சி, இன்னொன்றுக்கும் உனக்குக் கடன்பட்டிருக்கிறேன். மருந்தால் வந்த பக்கவிளைவை, மருந்து சாப்பிடுகிறவர்களே அரசாங்கத்துக்குத் தெரிவிக்கலாம், 1800-180-3024 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் காசு கிடையாது என்று சொன்னாய். அதற்கான படிவம் தமிழிலேயே இருக்கிறது என்று எடுத்தும் கொடுத்தாய். மாதவிலக்கு வலிக்கு நாமெல்லாம் கேட்டு வாங்கிப் போடும் மெஃபெனமிக் அமிலத்தைப் பற்றி 2023 கடைசியில் எச்சரிக்கை வந்தது இப்படிச் சேர்ந்த தகவல்களை வைத்துத்தானாமே. அதைப் போட்டபின் உடம்பில் தடிப்பும் காய்ச்சலும் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ என்று இப்போது நான் பேக்கிங் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

டாக்டரம்மாவுக்கு. சாயங்கால ஓபியில் அவ்வளவு கூட்டத்திலும் கலந்த மாத்திரையை நிறுத்தி, ஈஸ்ட்ரோஜன் இல்லாத டைனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் எழுதினீர்கள். விடாமல் தினமும் ஒன்று. அதோடு விட்டிருந்தால் நீங்கள் எல்லா டாக்டரையும் போல ஒரு டாக்டர். சீட்டின் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் எதெல்லாம் பொறுக்கலாம், அந்தப் பக்கம் எதற்கெல்லாம் அன்றைக்கே ஓடிவர வேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுத்தீர்கள். சொட்டுச் சொட்டாக ரத்தம், மார் வலி, முகப்பரு எல்லாம் இந்தப் பக்கம். மணிக்கு ஒரு பேட் நனைவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது, மூச்சு வாங்குவது, மறுபடி கண்ணில் மின்னுவது, மனசு கெட்டுப்போவது அந்தப் பக்கம். அந்தச் சீட்டு இன்றைக்கும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. இந்த அளவில் டைனோஜெஸ்டைக் கருத்தடைக்கு நம்பக்கூடாது என்றும் சொன்னீர்கள். அந்த ஒரு வரியால் என் வீட்டுக்காரர் ஊர் மெடிக்கலை விட்டுவிட்டுப் பெருமாநல்லூர் வரை வண்டியை ஓட்டிப்போய் ஆணுறை வாங்கிவந்த கதையை நான் இங்கே விரிவாக எழுதவில்லை. அவருக்கும் நன்றி.

இனி அத்தை. உங்களுக்கு நீளமாகத்தான் எழுத வேண்டும்.

எங்கள் வீட்டில் தூரம் என்றால் மூணு நாள் தனித் தட்டு, தனிப் பாய். சமையற்கட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. சாமி ரூம் பக்கமே வரக்கூடாது. டைனோஜெஸ்ட் ஆரம்பித்தபின் எனக்கு மூணு நாள் என்ற கணக்கே போய்விட்டது. பழுப்பாக, துளித்துளியாக, வாரக்கணக்கில். இன்றைக்கு நின்றது என்று தலைக்குக் குளித்தால் நாளைக்கு மறுபடியும். நானும் தட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். நீங்கள் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தீர்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, சேலை மாற்றிக்கொண்டு நீங்களும் வந்து வண்டியில் ஏறினீர்கள். எதற்கு என்று சொல்லவில்லை.

உள்ளே போனதும் நான் வாயைத் திறப்பதற்குள், "ஏனுங்க அம்மிணி, இது தூரந்தானுங்களா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டீர்கள். அவர் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. "இல்லீங்கம்மா. தூரம்னா முட்டை வெளியாகி, கரு தங்காம, உள்சவ்வு கழண்டு வர்றது. இவங்களுக்கு முட்டை வெளியாகறத மருந்து அடக்கி வெச்சிருக்குது. சவ்வு மெலிஞ்சுபோயி அங்கங்க கசியுது. அவ்வளவுதான்" என்றார். "அப்பப் புண்ணு ரத்தம்" என்றீர்கள். "அப்படியே வெச்சுக்கங்க" என்றார். அன்று சாயங்காலம் தனித் தட்டு பரணுக்குப் போய்விட்டது. சாமி ரூமில் விளக்குப் போடச் சொன்னீர்கள். குலதெய்வக் கோயில் பொங்கலுக்குப் பங்காளி வீட்டம்மா ஒருத்தர் என்னைப் பார்த்து இழுத்தபோது, "அதெல்லாம் டாக்டரம்மாகிட்ட நானே கேட்டுட்டேன், நீ அடுப்பப் பாரு" என்று முடித்துவிட்டீர்கள்.

நிஜத் தூரத்துக்கும் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. உங்கள் கட்சி வேறு. அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை, இந்த மடலில் முடிக்கவும் போவதில்லை.

கல்யாண வீட்டில் "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று என் வயிற்றைப் பார்த்துக் கேட்டவர்களுக்கும் நீங்களே பதில் சொன்னீர்கள்: "வவுத்துல கட்டி எடுத்துருக்குது, மருந்து சாப்பிடறா. மருந்து முடிஞ்சா விசேஷம் தன்னால வரும்." பாதி சரி அத்தை. இந்த மருந்து கருவைக் கொண்டுவராது, நோயை அடக்கித்தான் வைக்கும். குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போது நிறுத்த வேண்டும், அதற்குப்பின் என்ன ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு மருத்துவத் திருத்தம் தேவைப்படவில்லை. எலும்புக்கு நல்லது என்று ராத்திரிக்கு ராகிக் களி கிண்டிப்போட்டதற்கும் சேர்த்து நன்றி. களி மட்டும் கொஞ்சம் குறைத்தால் நல்லது.

நங்கையாவுக்கு, அதாவது அண்ணிக்கு. ரத்தமும் பருவும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. மனசு கெட்டது உங்களுக்கு மட்டும்தான் தெரிந்தது, அதுவும் போனில். "சாப்பிட்டியா?" என்றால் "ம்". "கம்பெனி எப்படி?" என்றால் "ம்". இரண்டு தடவை அப்படிப் பேசி வைத்ததும், மூன்றாம் தடவை போன் செய்யாமல் காங்கேயத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டீர்கள். வந்து புத்தி சொல்லவில்லை. ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தீர்கள். அந்தப் பக்கத்தில் எழுதியிருந்த வரியில் விரலை வைத்து, "இது இருக்குதா?" என்றீர்கள். நான் அழுததில் பதில் இருந்தது. ராத்திரி ஆகிவிட்டது, ஓபி கிடையாது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குக் கூப்பிட்டுக் கொடுத்தீர்கள். 2022 அக்டோபரிலிருந்து நடக்கும் அரசாங்க மனநல உதவி எண் அது, இருபத்துநாலு மணிநேரமும் தமிழில் பேசலாம். எதிர்முனையில் இருந்தவர் நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. மறுநாள் டாக்டரம்மா டைனோஜெஸ்டை நிறுத்தினார்.

இப்போது கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம். பார்க்கக் காப்பர்-டி போலத்தான், செம்புக்குப் பதில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல். ரத்தத்தில் கலக்கும் மருந்தின் அளவு மாத்திரையைவிடக் குறைவு என்பதால் இதற்கு மாறினோம். இதிலும் மனசு கெடலாம், கவனித்துக்கொண்டே இரு என்றிருக்கிறார். வைத்த அன்று நல்ல வலி, அப்புறம் மாதக்கணக்கில் மறுபடி அந்தப் பழுப்புத் துளிகள், இப்போது மெல்லக் குறைந்து வருகிறது. முட்டை வெளியாவதை இது எல்லாருக்கும் அடக்காது என்பதால் கட்டி திரும்புகிறதா என்று ஸ்கேன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வலி முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஓவர்டைம் நிற்க முடிகிறது, நங்கையாவோடு போனில் அரைமணி நேரம் ஊர்க்கதை பேச முடிகிறது.

டைம் ஆபீஸ் அண்ணாவுக்கு. ஆபரேஷன் லீவில் இஎஸ்ஐ நோய்க்கால உதவி கிடைக்கும், தகுதி இருந்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் என்று நீங்களாகக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். என்ன நோய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் சர்டிபிகேட்டை வாங்கிக் கவரில் போட்டீர்கள். கேட்காததற்குத்தான் பெரிய நன்றி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சந்தகை பிழிகிறோம், தேங்காய்ப்பாலும் உண்டு. செக்கிங் அக்கா பிள்ளைகளோடு வந்துவிடுங்கள். மெடிக்கல் தங்கச்சி, மத்தியானம் கடை அடைக்கிற நேரத்துக்கு வந்தால் போதும். டைம் ஆபீஸ் அண்ணா, வீட்டில் அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாங்க. டாக்டரம்மாவுக்கு ஞாயிறும் டியூட்டி இருக்கும், தூக்குப்போசியில் கொண்டுவந்து தருகிறேன்.