வாய்ப் பரிசோதனையை வழக்கமான சோதனைகளுடன் சேர்க்கக் கோரும் மனு

பெறுநர்:
சுகாதாரத் துறை இயக்குநர் அவர்கள்

பொருள்: வாய்ப்புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய ஏற்பாடு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வாய்ப்புற்றுநோயால் பாதிக்கப்பட்டோரும் அவர்களுடைய குடும்பத்தினரும் இணைந்து இம்மனுவைப் பணிவுடன் அளிக்கிறோம்.

வாயைத் திறந்து பார்த்தாலே தென்படக்கூடிய இந்நோய், பலரிடம் முற்றிய பிறகே மருத்துவரின் பார்வைக்கு வருகிறது. தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. வலிக்காத புண்ணுக்காக யாரும் வேலையை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு வருவதுமில்லை. இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெண்படலம், அதைவிட அபாயம் மிகுந்த செம்படலம், காரணமின்றி ஆடும் பல், உதட்டிலோ நாக்கிலோ மரத்துப்போன உணர்வு, கழுத்தில் கட்டி ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே சோதிக்க வேண்டும். பாக்கு மெல்லுவோருக்கு வாய் சிறுகச் சிறுகத் திறக்க முடியாமல் போவதும் புற்றுக்கு முந்தைய நிலையாக இருக்கலாம்.

புகையிலையும் மதுவும் சேரும்போது ஆபத்து பன்மடங்காகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. புகையிலை கலக்காத பாக்கு தீங்கற்றது என்ற எண்ணமும் நீடிக்கிறது. ஆனால் உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுதியில், பாக்கு தன்னளவிலேயே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தியுள்ளது.

பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வெறும் கண்ணால் வாயைச் சோதித்ததன் பயனாக, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு சுமார் 34 விழுக்காடு குறைந்ததை 2005இல் வெளியான திருவனந்தபுரம் ஆய்வு காட்டியது. இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. நல்ல வெளிச்சமும் கையுறையும் பயிற்சியும் இருந்தால் போதும்.

ஆகவே, ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ சோதனைக்கு வருவோரில் இப்பழக்கங்கள் உள்ளவர்களுக்கு வாய்ப் பரிசோதனையும் செய்ய உத்தரவிட வேண்டுகிறோம். ஆறாத புண்ணுக்கு மீண்டும் மீண்டும் களிம்பும் வைட்டமின் மாத்திரையும் தருவதற்கு மாறாக, திசுப் பரிசோதனைக்கு அனுப்பி, அனுப்பப்பட்டவர் அங்கே போய்ச் சேர்ந்தாரா என்பதையும் கண்காணிக்க வேண்டும். சதையை வெட்டினால் நோய் பரவும் என்ற அச்சத்தால் பாதியில் நின்றுவிடுவோர் இருப்பதால், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து எடுக்கப்படும் சிறு துணுக்கு அது என்பதைப் பணியாளர்களே விளக்குவது அவசியம்.

தொடக்க நிலையில் பலருக்கு அறுவை சிகிச்சை மட்டுமே போதுமானது. முற்றிய நிலையில் கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்துத் தரவேண்டியிருக்கும். கதிர்வீச்சுக்குப் பின் பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு கெடக்கூடும் என்பதால், அதற்கு முன்பே பல் மருத்துவரிடம் காட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும். சிகிச்சை முடிந்தபின் பேசவும் விழுங்கவும் வாயைத் திறக்கவும் தரப்படும் பயிற்சிகள் அதே மருத்துவமனையில் கிடைக்கச் செய்ய வேண்டும்.

இவற்றுள் முதற்கட்டமாக, இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புமாறு அனைத்து அரசு மருத்துவமனைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பி, அதன் நகலை எங்களுக்கும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்