கிரேக்கோவின் ஆட்டத்தை 9ஆம் நகர்வில் நிறுத்துங்கள்: சதுரங்கப் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயிற்றுநர்களே,

இத்தாலியின் கலாப்ரியாவில் பிறந்த பதினேழாம் நூற்றாண்டுச் சதுரங்க ஆட்டக்காரர் ஜொவாக்கினோ கிரேக்கோவின் ஆட்டங்களை வெறும் பொறிகளாகப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விப்பதை நிறுத்துங்கள் என்று கேட்டே எழுதுகிறோம்.

அவருக்கு முந்தைய நூல்கள் பெரும்பாலும் தொடக்க நகர்வுகளோடு நின்றுவிட்டன. 1620களில் அவர் பாரிஸிலும் லண்டனிலும் புரவலர்களுக்குக் கையெழுத்துப் படிகள் எழுதிக் கொடுத்தார். அவற்றில் ஆட்டம் செக்மேட் வரை போகும். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1656இல், லண்டனில் அவை அச்சேறின. எதிராளியின் பெயரே இல்லாததால், அவற்றுள் பெரும்பாலானவை பாடத்துக்காக அமைத்தவை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பாடம் என்றால் தோற்றவன் எங்கே தவறினான் என்பதையும் சொல்ல வேண்டுமல்லவா?

இத்தாலியத் தொடக்கத்தில் அவருடைய புகழ்பெற்ற வரிசை இது (எழுத்தும் எண்ணும் சேர்ந்தது கட்டத்தின் பெயர்; ஒவ்வொரு நகர்விலும் முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு): 1. இ4 இ5 2. குதிரை எஃப்3, குதிரை சி6 3. மந்திரி சி4, மந்திரி சி5 4. சி3, குதிரை எஃப்6 5. டி4, இ சிப்பாய் டி4ஐ வெட்டும் 6. சி சிப்பாய் டி4ஐ வெட்டும், மந்திரி பி4 செக் 7. குதிரை சி3, குதிரை இ4ஐ வெட்டும் 8. கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது), குதிரை சி3ஐ வெட்டும் 9. பி சிப்பாய் சி3ஐ வெட்டும்.

இங்கே நிறுத்துங்கள். கறுப்பின் நகர்வை ஒவ்வொருவரும் தாளில் எழுதட்டும். மந்திரியால் சி3ஐ வெட்டினால் 10. ராணி பி3: சி3, எஃப்7 இரண்டுக்கும் குறி. அப்போதும் ஆசைப்பட்டு ஏ1 யானையை வெட்டினால் 11. மந்திரி எஃப்7 செக், ராஜா எஃப்8 12. மந்திரி ஜி5, குதிரை இ7 13. குதிரை இ5. கறுப்புக்கு ஒரு யானையும் ஒரு சிப்பாயும் கூடுதல். ஆனால் ராணி, இரு யானைகள், சி8 மந்திரி நான்கும் பிறந்த கட்டத்தை விட்டு நகரவே இல்லை. கறுப்பு தோற்பதற்குக் காரணம் அதுதான். இதைப் பலகையில் விரல் வைத்துக் காட்டுங்கள்.

பிறகு 9ஆம் நகர்வுக்குத் திரும்பி, கறுப்புக்கு டி5 ஆடிக் காட்டுங்கள். சி4 மந்திரி தாக்கப்படுகிறது. வெள்ளை பி4ஐ வெட்ட, கறுப்பு சி4ஐ வெட்டும். யானை இ1 செக் வந்தாலும் குதிரை இ7இல் மறைத்து, கேஸ்லிங் செய்துகொள்ளலாம். கறுப்புக்கு ஒரு சிப்பாய் கூடுதல். பொறியை மட்டும் கற்ற பிள்ளை இந்த நிலையில் திகைத்துப்போகும்.

தேர்ந்த மாணவர்களுக்கு, 8ஆம் நகர்வில் குதிரைக்குப் பதில் மந்திரி சி3ஐ வெட்டும் கிளையையும் கொடுங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டென்மார்க்கின் சதுரங்க ஆய்வாளர் மொல்லர் அதற்கு வெள்ளையின் 9. டி5 என்று பதில் சொன்னார். கிரேக்கோ தொட்ட நிலையை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் விடாமல் ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதை மாணவர்கள் அந்த ஒரு நகர்விலேயே கண்டுகொள்வார்கள்.