இல்லாத காலில் இருக்கும் வலி

ஐயா,

சர்க்கரை நோயால் கால் அகற்றப்பட்டோருக்குச் செயற்கைக் கால் வழங்குவது பற்றிய தங்கள் செய்தியில், அவர்களை வாட்டும் மாய உறுப்பு வலி குறித்து ஒரு வரிகூட இல்லாதது வருத்தமளித்தது. கால் போனாலும் மூளையில் அக்காலுக்குரிய உணர்வுப் பகுதி அழிந்துவிடுவதில்லை; அதனால்தான், முழங்காலுக்குக் கீழே இழந்த என் தந்தை நள்ளிரவில் வெறும் போர்வையைக் காட்டி, "கட்டைவிரல் எரியுதுடா, தேய்ச்சு விடு" என்று கெஞ்சுவார். மனப்பிரமை என்று நாங்களே அவரை அதட்டியிருக்கிறோம்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில், கை இழந்தோருக்காக வகுத்த கண்ணாடிப் பயிற்சி — இருக்கும் கையை அசைத்து, கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பத்தை இழந்த கையாகப் பார்க்கும் பயிற்சி — எல்லோருக்கும் இல்லாவிட்டாலும் பலருக்கு இவ்வலியைத் தணிக்கிறது. காலுக்கும் அது பொருந்தும், தேவை ஒரு நிலைக்கண்ணாடிதான். அரசு மருத்துவமனைகள் நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன், குடும்பத்தாரையும் உடன் அமர்த்தி இதைக் கற்றுத்தர வேண்டும்.

— வாசகர், திண்டுக்கல்