மாதிரி விமானச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் பதினோரு உறுப்பினர்களுக்கும் வணக்கம். பதிவேட்டில் 34 பெயர் இருக்கிறது.

செயற்குழு நான்கு முறை கூடியது. ஆயுத பூஜைக்கு விமானங்களுக்குப் பொட்டு வைத்தோம். ஒரு பள்ளியில் ரப்பர் பேண்ட் விமானம் செய்து காட்டினோம். ஆனி, ஆடியில் காற்று எதையும் பறக்கவிடவில்லை.

சூரிய விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சங்கப் பணத்தைச் செயலாளர் கண்ணாடித் துண்டில் போட்டார் என்று வாட்ஸ்அப்பில் பேச்சு. இது என் கிறுக்கு அல்ல. 1974 நவம்பர் 4 அன்றே அமெரிக்காவில் ஆஸ்ட்ரோ ஃபிளைட் நிறுவனத்தார் 'சன்ரைஸ்' விமானத்தை வெயிலில் பறக்கவிட்டுவிட்டார்கள். அதில் 4096 செல், அதாவது வெயிலை மின்சாரமாக்கும் அந்தக் 'கண்ணாடித் துண்டு'. நமக்குப் பன்னிரண்டு.

செல் ஒன்று 125 மி.மீ. சதுரம், சுமார் ஏழு கிராம், அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். பன்னிரண்டையும் தொடராகக் கோத்தால் ஏழு வோல்ட்டுக்குப் பக்கம். காகிதத்தில் 40 வாட். நம்மூர் வெயிலில் செல் சூடேறி வோல்ட் இறங்குவதால் 30 கிடைத்தாலே பெரிது. 600 கிராம் விமானம் மட்டமாகப் பறக்க அதில் பாதி போதும்.

வாங்கியது 20. செல் என்பது அப்பளம். ஐந்து பற்றவைக்கும்போதே போச்சு. மூன்று, ஓர் உறுப்பினர் "இதுதானா?" என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்ததில் போச்சு. மீதி இறக்கையில். கணக்கு சரிதானே?

மாசியில் ஒரு ஞாயிறு, வற்றிய குளத்தில் சோதனை. அன்றைக்கென்று இருபது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். மோட்டார் முனகியது, நின்றது. வயரைக் கழற்றி மாட்டி அரைமணி நேரம் போனது. பார்த்தால், சுற்றி நின்றவர்கள் நிழல் இடது இறக்கை நுனியில். தொடரில் ஒரு செல் நிழலில் போனால் மற்ற பதினொன்றும் சேர்ந்து மடங்கும். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி" என்றேன். புரொப்பல்லர் சீறியது.

ஏழு நிமிடம் பறந்தது. திரும்பும்போது இறக்கை வெயிலைவிட்டுச் சாய்ந்தால் மோட்டார் சத்தம் தேயும், நேரானதும் ஏறும். மேகம் வரவே இறக்கிவிட்டேன். உள்ளே இருந்த சிறு பேட்டரி, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும், வால் பகுதியை அசைத்துத் திருப்பும் சர்வோவுக்கும் மட்டும். மோட்டாருக்கு அதிலிருந்து ஒரு வயர்கூடப் போகவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் திறந்து பார்க்கலாம். ஆனால் அழுத்த வேண்டாம்.

அடுத்த ஞாயிறு வந்தவர்கள் நான்கு பேர்.

வரவு செலவு பொருளாளர் நோட்டில் உள்ளது. கையிருப்பு ஏறக்குறைய இல்லை. 19 பேர் சந்தா பாக்கி. பெயர் படிக்கப் போவதில்லை, அவர்களில் யாரும் இங்கே இல்லை. குளத்தில் இடம் தந்த ஊர்க்காரர்களுக்கும், டீ வாங்கிவந்த தம்பிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வேறொருவர் இந்தப் பொறுப்பை ஏற்றால் எனக்குச் சந்தோஷமே. இன்னும் எட்டு செல் இருந்தால் ஒரு மணி நேரம் பறக்கவிடலாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். இறக்கை என் வீட்டு பீரோ மேல் இருக்கிறது. பார்க்க வருபவர்கள் சந்தா ரசீது புத்தகமும் அங்கேயே இருப்பதை நினைவில் வைத்துக்கொண்டு வரலாம்.

இப்படிக்கு,
செயலாளர்