பாமாயில் மரம் வைக்கலாமா என்று கேட்டீர்களே

அன்புள்ள அப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் "அந்த ஆபீசர் வந்து" என்று ஆரம்பித்ததுமே லைன் போய்விட்டது. இங்கே டவர் டீசலில் ஓடுகிறது. டீசல் தீர்ந்தால் அவ்வளவுதான், மறுபடி லாரி வரும்வரை ஊரே ஊமை. மறுநாள் தங்கச்சி மெசேஜில்தான் விஷயம் தெரிந்தது. இரண்டு ஏக்கரிலும் பாமாயில் மரம் வைக்கலாமா, மானியம் தருகிறார்களாம், நான் அந்த வேலையில்தானே இருக்கிறேன், என்ன நினைக்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். மெசேஜில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் காகிதத்தில் எழுதி, டவுனுக்குப் போகிறவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

நான் இருக்கும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். போர்னியோ தீவில் இந்தோனேசியாவுக்குச் சொந்தமான பகுதி கலிமந்தான். அதில் மத்தியக் கலிமந்தான் மாகாணம். சம்பிட் என்ற ஆற்றங்கரை டவுனிலிருந்து செம்மண் ரோட்டில் நாலு மணி நேரம். மழை பெய்துவிட்டால் அந்த நாலு மணி நேரக் கணக்கை மறந்துவிட வேண்டியதுதான். நான் வேலை பார்க்கும் பாமாயில் மில்லின் குவார்ட்டர்ஸைத் தாண்டினால் ஊர். ஊருக்கு முறையான பெயர் இருக்கிறது, ஆனால் எல்லோரும் 'எஸ்பே தீகா' என்றுதான் சொல்கிறார்கள். மூன்றாம் நம்பர் குடியேற்றம் என்று அர்த்தம். ஜாவாவில் நிலமில்லாதவர்களைக் கப்பலில் ஏற்றி வந்து காட்டுக்குள் இறக்கிய காலத்தில் கவர்மென்ட் போட்ட நம்பர். இதைத் தொடங்கி வைத்தவன் டச்சுக்காரன். 1905-ல் 155 குடும்பங்களை ஜாவாவிலிருந்து சுமத்ராவின் லாம்புங் பக்கம் கொண்டுபோய் விட்டான். பின்னால் வந்த ஆட்சிகளும் அதையே பெரிதாகச் செய்தன.

பக்கத்து வீட்டுப் பெரியவரை நான் 'பாக்டே' என்று கூப்பிடுகிறேன். ஜாவா பாஷையில் பெரிய அப்பா, அதாவது நம் பெரியப்பாவேதான். சித்தப்பாவுக்கும் சின்னம்மாவுக்கும்கூட இதே மாதிரி தனித்தனி முறை வைத்திருக்கிறார்கள். இந்தோனேசிய பாஷையில் முதலுக்கு 'மோடால்', கடைக்கு 'கெடாய்', பெட்டிக்கு 'பெத்தி'. நம் வியாபாரிகள் எந்தக் காலத்திலோ விட்டுவிட்டுப் போன வார்த்தைகள். முதல் மாதம் பாஷை தெரியாமல் தவித்தபோது இந்த நாலைந்து வார்த்தைகள்தான் எனக்குத் துணை.

பாக்டே இங்கே வந்தது தொண்ணூறுகளின் நடுவில். ஒரு பலகை வீடு, வீட்டைச் சுற்றிக் கால் ஹெக்டேர், தள்ளிக் கொஞ்சம் வயல், முதல் வருஷத்துக்கு அரிசியும் கருவாடும். கொடுத்தது இவ்வளவுதான். நெல் விதைத்தார்கள். கரி மண் அப்பா, இங்கே. பல ஆயிரம் வருஷத்து மரமும் இலையும் மட்கி மட்கி ஆன மண், புளிப்பு மண். வாய்க்கால் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் ஓடும். குடிக்க மழைத்தண்ணீரைத்தான் டிரம்மில் பிடிக்கிறோம். அந்த மண்ணில் நெல் பதராகப் போனது, மிச்சத்தைக் காட்டுப்பன்றி தின்றது. பாதிப் பேர் வீட்டை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டார்களாம். தங்கியவர்களுக்கு, கம்பெனித் தோட்டம் வந்தபோது குடும்பத்துக்கு இரண்டு ஹெக்டேர் பாமாயில் மரம் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குக் 'காப்ளிங்' என்று பெயர். நட்ட செலவெல்லாம் கடன். குலை விற்ற காசில் நூற்றுக்கு முப்பது அதற்கே போனது என்கிறார்.

இப்போது அவர் காப்ளிங்கில் மாதம் இரண்டரை டன் வெட்டுகிறார். கிலோ 2,400 ரூபியா, நம் காசுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று ரூபாய் வரும். கணக்குப் போட்டால் மாதம் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல். அதில் உரம், வண்டி வாடகை எல்லாம் போக வேண்டும். ஆனாலும் கடன் இல்லை, பெரிய மகள் மாகாணத் தலைநகர் பலங்காராயாவில் நர்ஸுக்குப் படிக்கிறாள். மரம் சோறு போடவில்லை என்று நான் சொன்னால் பொய்.

வெட்டுவது எப்படி என்று பார்க்க ஒரு நாள் கூடவே போனேன். மரத்துக்கு முப்பது வயது நெருங்குகிறது, நம் தென்னை உயரம். நீளமான கம்பத்தின் நுனியில் அரிவாள், அதற்கு 'எக்ரெக்' என்று பேர். கீழே நின்று அண்ணாந்து பார்த்து, முதலில் மட்டையை அறுத்து, அப்புறம் குலைக் காம்பில் மாட்டி ஒரே இழுப்பு. இருபது கிலோ முள்ளும் பழமுமாகத் தரையில் விழுகிற சத்தம் காலில் தெரியும். நான் இழுத்தபோது கம்பம் என்னை இழுத்துக்கொண்டு போனது. பாக்டேயின் மனைவி, எனக்குப் பெரியம்மா, பின்னாலேயே குனிந்தபடி வந்து, உதிர்ந்த பழத்தை ஒன்று விடாமல் அரிசிச் சாக்கில் பொறுக்குகிறார். உதிரியில்தான் எண்ணெய் அதிகம், எடைமேடையில் உதிரி குறைந்தால் முகம் சுளிப்பார்கள். அந்த அம்மாவின் விரல் நகங்களெல்லாம் ஆரஞ்சு நிறம். எத்தனை சோப்பு போட்டாலும் போவதில்லையாம்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. வெட்டிய குலை காத்திருக்காது. தேங்காயைக் குவித்துப் போட்டுவிட்டு விலை ஏறட்டும் என்று பார்க்கலாம். இதை ஒரு நாளுக்குள் மில்லில் ஆவியில் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அந்த ஆவியைக் கொடுக்கிற பாய்லர்தான் என் வேலை. போன மழைக்கு ரோடு அறுத்துக்கொண்டு எட்டு லாரி இரண்டு நாள் சேற்றில் நின்றது. வந்து சேர்ந்தபோது குலையெல்லாம் கொழகொழவென்று ஈ மொய்த்தது. பாதி எடையைக் கழித்துத்தான் போட்டார்கள். பாக்டே ஒன்றும் பேசவில்லை, சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் இருந்து கழிக்கிற சம்பளக்காரன் நான், அன்றைக்கு ராத்திரி அவர் வீட்டில் சாப்பிடப் போகவில்லை.

இன்னொன்று. 2022-ல் அம்மா எண்ணெய் விலையைச் சொல்லிப் புலம்பினது ஞாபகம் இருக்கிறதா? அந்த வருஷம் இந்த நாட்டிலேயே ஜனங்கள் சமையல் எண்ணெய்க்குக் கியூவில் நின்றிருக்கிறார்கள், உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் எடுக்கிற நாட்டில். உடனே ஏப்ரல் 28-ஆம் தேதி ஏற்றுமதியை நிறுத்தினார்கள், மே 23-ல் திறந்தார்கள். நடுவில் மில் டாங்குகள் நிரம்பிவிட்டன, குலை வாங்க ஆளில்லை. பாக்டே மரத்தடியிலேயே அழுக விட்டாராம். ஜகார்த்தாவில் ஒரு கையெழுத்து, இங்கே எஸ்பே தீகாவில் அடுப்பு அணைந்தது. வீட்டுக்கு அரிசியே வெளியிலிருந்து வருகிற ஊர், வேறு எதைத் தின்பது? அந்த மாதம் பெரியம்மாவைக் காப்பாற்றியது 'அரிசான்'. நம் ஊர் குலுக்கல் சீட்டுதான், ஏலமும் தள்ளுபடியும் கிடையாது. உறிஞ்சு குழலைத் துண்டு துண்டாக நறுக்கி, அதற்குள் பெயர்ச் சீட்டைச் சுருட்டிச் செருகி, பாட்டிலில் போட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் வெளியே விழுகிறதோ அவருக்கு மொத்தமும். அந்தத் தடவை வேறொருத்தி பெயர் விழுந்ததாம், அவளே இவரிடம் கொடுத்துவிட்டாளாம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாயாக் ஜனங்கள், இந்தக் காட்டின் பழைய சொந்தக்காரர்கள். அவர்களுக்கு இந்த மரத்தின் மேல் நல்ல அபிப்பிராயம் கிடையாது, அதில் நியாயமும் உண்டு. அங்கே ஒரு தாத்தா என் மதம் என்ன என்று கேட்டார். இந்து என்றேன். "நானும்தான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர்களுடைய காஹாரிங்கான் வழிபாட்டை 1980-ல் அரசாங்கம் இந்து மதத்தில் சேர்த்து எழுதிக்கொண்டதாம். அவருடையது பிரம்புத் தோட்டம். கச்சாப் பிரம்பு ஏற்றுமதியை 2012-லிருந்து நிறுத்தியதும் விலை விழுந்து, வெட்டாமலே கிடக்கிறது.

சரி, நம் நிலத்துக்கு வருகிறேன். ஏக்கருக்கு 57 மரம், இரண்டு ஏக்கருக்கு 114. இங்கே தண்ணீர் கட்டுகிற வேலையே இல்லை, வருஷத்தில் பெரும்பாலும் மழை. நம் ஆண்டிபட்டிப் பக்கம் வெயில் காலத்தில் ஒரு மரத்துக்கு நாளைக்கு இருநூறு லிட்டராவது வேண்டும். கூட்டிப் பார்த்தால் தினமும் இரண்டு டேங்கர் லாரித் தண்ணீர். குலை வர மூன்று வருஷம், அப்புறம் இருபத்தைந்து வருஷம் அதே மரம்தான். பாக்டே மரத்தைச் சாய்த்துப் புதிதாக நடச் சொல்கிறார்கள். இடையில் அந்த மூன்று வருஷம் எதைச் சாப்பிடுவது என்று அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார்.

ஆபீசரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். மில் எத்தனை கிலோமீட்டர், லாரி யார் அனுப்புவது, வராவிட்டால் குலைக்கு யார் பொறுப்பு? வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்குங்கள். மானியம் எவ்வளவு என்று அவரே சொல்வார், அதைக் கேட்க வேண்டியதில்லை. எனக்குத் தோன்றுவது, வைத்தே தீரவேண்டுமென்றால் மேற்கு ஓரம் முக்கால் ஏக்கரோடு நிறுத்துங்கள். கிணற்றடித் துண்டில் நெல்லோ சோளமோ இருக்கட்டும்.

அம்மாவிடம் சொல்லுங்கள், இங்கே புளி கிடைக்கிறது, ரசம் வைக்கிறேன். பெரியம்மா குடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு டம்ளர் கேட்கிறார்.

சித்திரைக் கடைசியில் நம் போர் மோட்டார் ஒரு மூச்சில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எப்போது காற்று வாங்குகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அதுவரை யாரிடமும் கையெழுத்துப் போட வேண்டாம்.

உங்கள் மகன்