விடை ஒப்பிடுவது வெட்டிவேலையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வார மாணவர் இணைப்பில் தேர்வுக்காலப் பதற்றம் பற்றி மனநல ஆலோசகர் ஒருவர் எழுதியிருந்த பக்கத்தைப் படித்தேன். நன்றாகத் தூங்குங்கள், தண்ணீர் குடியுங்கள், கைப்பேசியைத் தள்ளி வையுங்கள் என்று நல்ல விஷயங்கள்தான். ஒரே ஒரு வரிதான் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. தேர்வு முடிந்து வெளியே வந்தவர்கள் கூடி நின்று விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது வெட்டிவேலை, அதனால் ஒரு மதிப்பெண்கூட ஏறப்போவதில்லை, கலைந்து வீட்டுக்குப் போங்கள் என்கிறார். பக்கத்தில் ஒரு படம் வேறு. ஒரே வினாத்தாளின் மேல் நாலைந்து தலைகள் கவிழ்ந்திருக்கின்றன. அது இறுதியாண்டு உயிரியல் வினாத்தாள் என்பது அதிலிருந்த செல் படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. படத்துக்குக் கீழே, 'இது தேவைதானா?' என்று உங்கள் துணையாசிரியர் கேட்டிருக்கிறார்.

தேவைதான் ஐயா. உயிரியல் கற்பித்தே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

நாளைக் காலை இன்னொரு தேர்வு இருக்கிறதென்றால் ஆலோசகர் சொல்வதில் நியாயம் உண்டு. முடிந்ததை நினைத்து அழுதுகொண்டே அடுத்த பாடத்தைப் படிக்க முடியாது. ஆனால் கடைசித் தேர்வையும் எழுதி முடித்த பிள்ளைகளை எதற்காக விரட்ட வேண்டும்? ஆண்டு முழுக்க மதிப்பெண்ணுக்காகப் பேசியவர்கள், அன்று ஒரு அரைமணி நேரம்தான் பாடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அதுவும் ஆசிரியர் கேட்காமல், மிரட்டாமல்.

ஓர் ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். வினா மியாசிஸ் பற்றியது, அதாவது விந்து, முட்டை போன்ற இனச்செல்கள் உருவாக ஒரு செல் இரண்டு முறை பிரிவது: ஒரு இரட்டைமய (குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக உள்ள) செல்லில் 20 குரோமோசோம்கள் உள்ளன, மியாசிஸின் முதல் பகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு சேய்செல்லிலும் எத்தனை குரோமோசோம்கள் இருக்கும்? தேர்வு அறைக்கு வெளியே படிக்கட்டில் ஒரு மாணவி 10 என்கிறாள், ஒரு மாணவன் 20 என்கிறான். "டபுள் ஆன பிறகுதானே பிரியுது, அப்போ 20தானே வரணும்" என்று அவன் அடித்துச் சொல்ல, கூட நின்றவர்களில் பாதிப் பேர் அவன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அந்தப் பெண் வாதாடவில்லை. பையைத் திறந்து இரண்டு நீலப் பேனாக்களை ஒரு ரப்பர் பேண்டில் கட்டினாள். இரண்டு கறுப்புப் பேனாக்களை இன்னொரு ரப்பர் பேண்டில் கட்டினாள். இரண்டு கட்டுகளையும் ஒட்டி வைத்து, அப்புறம் ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் நகர்த்தினாள். "ரப்பர் பேண்டை எண்ணு, பேனாவை எண்ணாதே" என்றாள்.

அவ்வளவுதான். ரப்பர் பேண்டுதான் சென்ட்ரோமியர், அதாவது இரட்டிப்பான குரோமோசோமின் இரண்டு பிரதிகளையும் சேர்த்துப் பிடிக்கும் இடம். குரோமோசோமை எண்ணுவதென்றால் அதைத்தான் எண்ண வேண்டும். அந்தப் பையன் எண்ணியது பேனாக்களை, அதாவது குரோமாட்டிட்கள் எனப்படும் அந்தப் பிரதிகளை. அவை 20 என்பதும் உண்மை. அவன் கொஞ்ச நேரம் பேனாக்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ ரெண்டாவது பகுப்புலதான் இந்த ரப்பர் பேண்ட் அறும்" என்றான். நான் கரும்பலகையில் வண்ணச் சுண்ணாம்பு வைத்து எத்தனையோ முறை வரைந்து காட்டியும் ஏறாதது, வாசல்படியில் ஏறிவிட்டது. அந்த ஒரு மதிப்பெண் அவனுக்குப் போனது போனதுதான். ஆனால் மியாசிஸ் வந்துவிட்டதே.

மரபியல் கணக்கிலும் இதே கதைதான். பெற்றோர் இருவரும் இயல்பானவர்கள். ஒரு பிள்ளைக்கு அல்பினிசம், அதாவது பரம்பரையாக வரும் நிறமிக் குறைபாடு. இன்னொரு பிள்ளைக்கு இல்லை. இந்த இரண்டாவது பிள்ளை கடத்தியாக, அதாவது நோய் வெளியே தெரியாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவராக இருக்க எவ்வளவு வாய்ப்பு? நன்றாகப் படிப்பவர்களே இரண்டில் ஒன்று என்று எழுதிவிட்டு வருவார்கள். பெற்றோரின் மரபணுக்கள் பிள்ளையிடம் சேரக்கூடிய நாலு விதத்தையும் காட்டும் புன்னட் கட்டத்தை வரைந்து, வெளியே யாராவது ஒருவர், "அந்தப் பிள்ளைக்கு நோய் இல்லைன்னு கேள்வியிலேயே சொல்லியாச்சே, நாலு கட்டத்துல ஒண்ணை அடிச்சிட்டுப் பாரு" என்பார். மீதி மூன்று கட்டம், அதில் இரண்டு கடத்தி. விடை மூன்றில் இரண்டு. புன்னட் கட்டத்தை வரையத் தெரிவது வேறு, படிக்கத் தெரிவது வேறு என்று அங்கேதான் புரிகிறது.

உங்கள் ஆலோசகர் உளவியல் படித்தவர் என்பதால் உளவியலிலிருந்தே ஒன்று சொல்கிறேன். பட்டர்ஃபீல்டு, மெட்காஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சந்தேகத்தோடு சொன்ன தவறான விடையைவிட, 'இதுதான்' என்று அடித்துச் சொன்ன தவறான விடையே, சரியானதைக் கேட்டதும் நன்றாகத் திருந்துகிறது என்பது அதில் தெரியவந்தது. 'சே, அதுவா!' என்ற அந்த அதிர்ச்சிதான் மனதில் ஆணி அடிக்கிறது. அந்த அதிர்ச்சியைத்தான் தவிர்க்கச் சொல்கிறீர்கள்.

ஒப்பிடாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உயிரியலின் சொந்தக் கதையே இருக்கிறது. மனித செல்லில் 48 குரோமோசோம்கள் என்று பெயிண்டர் என்ற ஆய்வாளர் 1923இல் எழுதினார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடநூல்கள் அதையே ஒப்பித்தன. 1956இல் ஜியோ, லெவன் என்ற இரு ஆய்வாளர்கள்தான் 46 என்று நிறுவினார்கள். அவர்களுக்கு முன்பே வேறு சிலர் கரு ஈரல் செல்களில் எண்ணிப் பார்த்து, 46தான் வருகிறது, 48 வரவில்லையே என்று வேலையையே நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பதையும் அந்த இருவரே தங்கள் கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார்கள். தன் விடை தப்பாகத்தான் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள். உங்கள் இணைப்பைப் படித்திருந்தால் பாராட்டியிருப்பார்கள்.

ஒரு மதிப்பெண்கூட ஏறாது என்கிறீர்களே, ஏறிய கதையையும் கேளுங்கள். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடையும்போது கிடைக்கும் ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) எத்தனை என்று ஒரு வினா. கொடுக்கப்பட்ட விடைகளில் 36ம் இருந்தது, 38ம் இருந்தது. வெளியே இரண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டி 38 என்றது. குளுக்கோஸ் உடைபடும் முதல் கட்டமான கிளைகாலிசிஸில் உண்டாகும், எலக்ட்ரான்களைச் சுமக்கும் என்ஏடிஎச் என்ற மூலக்கூறு, பெரும்பாலான ஏடிபி உருவாகும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நேரடியாக நுழைய முடியாது, அதன் எலக்ட்ரான்களை உள்ளே சேர்க்கும் வழியைப் பொறுத்து இரண்டு ஏடிபி குறையலாம் என்று மற்ற கோஷ்டி விளக்கியது. இரண்டும் பழைய கணக்குப்படி சரிதான். இப்போதைய கணக்கில் 30 முதல் 32 வரைதான் வரும் என்பது தனிக்கதை. எந்த வழி என்று வினாவில் சொல்லவே இல்லை. விடைக்குறிப்பிலோ 38 மட்டும். அந்தச் சண்டை என் காதில் விழுந்ததால்தான் விடைத்தாள் திருத்தும் இடத்தில் எழுந்து நின்று கேட்டேன். முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு 36க்கும் மதிப்பெண் தரச் சொன்னார்கள். கலைந்து போகாமல் நின்ற பிள்ளைகளால், நின்றவர்களுக்கும் கலைந்தவர்களுக்கும் சேர்த்துக் கிடைத்த மதிப்பெண் அது.

சொல்ல வந்தது இவ்வளவுதான் என்றாலும், பேனாவை எடுத்தாயிற்று, பழைய பாக்கியையும் தீர்த்துவிடுகிறேன். தேர்வு முடிந்த மாலையே 'வினாத்தாள் எளிது, மாணவர்கள் மகிழ்ச்சி' என்று செய்தி போடுகிறீர்கள். வாசலில் முதலில் வெளியே ஓடி வருகிற மூன்று பேரிடம் கேட்டு எழுதுவது அது. முதலில் வெளியே வருகிறவர்கள் யார் என்று தேர்வறையில் மேற்பார்வை செய்த எவரையும் கேளுங்கள், சொல்வார்கள். முடிவு வந்த மறுநாள் துள்ளிக் குதிக்கும் படம். குதிப்பதற்குப் படம் எடுக்கலாம், யோசிப்பதற்கு எடுத்தால் 'தேவைதானா?'. வேலைவாய்ப்புப் பக்கத்தில் உயிரியல் என்றாலே ஸ்டெதாஸ்கோப் படம்தான்; தாவரவியல் படித்தவர்கள் எல்லாம் எங்கே போய் ஒளிவது?

சென்ற ஆண்டு நீங்களே வெளியிட்ட மாதிரி விடைப் பக்கத்தில், ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவருவது நுரையீரல் தமனி என்று அச்சாகியிருந்தது. அது நுரையீரல் சிரை. தமனி என்றால் இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது. அதில் ஓடும் இரத்தத்தின் தரத்தை வைத்து வந்த பெயர் அல்ல. இதை அப்போதே எழுதி அனுப்பினேன். திருத்தம் வரவில்லை, பதிலும் வரவில்லை. பரவாயில்லை, பெரிய பத்திரிகை, ஆயிரம் வேலை இருக்கும். ஆனால் அந்தத் தவறை எனக்குக் காட்டியது யார் தெரியுமா? உங்கள் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாடநூலோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள். வெட்டிவேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் ஒரு சிறிய வேண்டுகோள். இனி விடைப் பக்கம் வெளியிடும்போது வெறும் அ, ஆ, இ, ஈ என்று வரிசையாக அடுக்காமல், குழப்பம் வரக்கூடிய வினாக்களுக்கு மட்டுமாவது ஏன் அந்த விடை என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். அச்சுக்குப் போகும் முன் உயிரியல் கற்பிக்கும் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். கூலி வேண்டாம், நானே பார்த்துத் தருகிறேன்.

இக்கடிதம் நீளமாகிவிட்டது, சுருக்கத்தான் செய்வீர்கள். எதை வெட்டினாலும் ரப்பர் பேண்ட் பத்தியை மட்டும் விட்டுவைக்கவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர்