அர்த்தம் யார் கையில் இருக்கிறது?

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நலம், நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

முதியவர்கள் கீழே விழுந்தால் தானாகவே உதவிக்கு அழைக்கும், கழுத்தில் அணியும் அந்தக் கருவியின் விளம்பரப் பணி உன் குழுவுக்குக் கிடைத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால், "கருவி தயாராகிவிட்டது, இனி அதற்கு அர்த்தம் கொடுப்பது எங்கள் வேலை" என்று நீ எழுதியிருந்த வரி மட்டும் எனக்குச் சற்று இடித்தது. அதில் உங்களுக்குப் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. முழுவதும் உங்கள் வேலை என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தக் கருவியை அணியப்போகிற வயதில் இருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமையும் இருக்கிறது.

1979 ஜூலையில் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் வாக்மேனை, அதாவது நடந்துகொண்டே பாட்டுக் கேட்க உதவிய அந்தச் சிறிய கேசட் கருவியை, எடுத்துக்கொள். அதில் ஹெட்போன் செருகுவதற்கு ஒன்றல்ல, இரண்டு துளைகள் இருந்தன. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டின் ஒலி தணிந்து, ஒரு சிறிய மைக் வழியாக அருகில் இருப்பவர் பேசுவது காதில் விழும். ஒருவர் மட்டும் காதை மூடிக்கொண்டு இசை கேட்பது பக்கத்தில் இருப்பவரை அவமதிப்பதாகும் என்று அப்போதைய தலைவர் அகியோ மொரிட்டா கருதியதன் விளைவு இது. இசை என்பது இருவராகச் சேர்ந்து கேட்பது என்ற எண்ணத்தை அவர்கள் விளம்பரத்தில் சொல்வதற்கு முன்பே கருவியின் உடலிலேயே எழுதிவிட்டார்கள் என்பதைக் கவனி. (இத்தனைக்கும், நீண்ட விமானப் பயணங்களில் பாட்டுக் கேட்க வேண்டும் என்ற, சோனியை மொரிட்டாவுடன் சேர்ந்து நிறுவிய மசாரு இபுகாவின் ஆசையில்தான் அந்தக் கருவியே பிறந்தது.)

வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? நெரிசலான ரயிலிலும் தெருவிலும் தங்களுக்கென்று ஒரு தனிமையை உண்டாக்கிக்கொள்ள அதைப் பயன்படுத்தினார்கள். கூட்டத்தின் நடுவே இருந்துகொண்டே கூட்டத்தில் இல்லாமல் இருக்கலாம் என்பது அவர்கள் கண்டுபிடித்த அர்த்தமே தவிர, சோனி கொடுத்த அர்த்தம் அல்ல. பின்னர் வந்த மாடல்களில் அந்த ஆரஞ்சுப் பொத்தானும் இரண்டாவது துளையும் காலப்போக்கில் மறைந்தன. பக்கத்து இருக்கைக்காரரின் ஹெட்போனிலிருந்து கசியும் இரைச்சலைப் பற்றி எழுந்த புகார்களும், ஒலியைக் குறைத்து வையுங்கள் என்ற அறிவிப்புகளும் சேர்ந்து, பொது இடத்தில் இன்னொருவரைப் புறக்கணிப்பது என்ற வேறோர் அர்த்தத்தையும் அதன்மேல் ஏற்றின. வாங்காதவர்களும் அர்த்தத்தை எழுதுகிறார்கள். விளம்பரத் துறையில் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்காக 1997-இல் பால் டு கே, ஸ்டூவர்ட் ஹால் முதலிய பண்பாட்டு ஆய்வாளர்கள் வாக்மேன் என்ற இந்த ஒரே கருவியை வைத்து ஒரு நூல் எழுதினார்கள். உற்பத்தி, சித்திரிப்பு, அடையாளம், நுகர்வு, ஒழுங்குமுறை ஆகிய ஐந்துக்கும் இடையே அர்த்தம் சுற்றிவருகிறது என்பதும், அந்தச் சுற்றுக்குத் தொடக்கப்புள்ளி என்று ஒன்று கிடையாது என்பதும் அவர்கள் வாதம். தொலைக்காட்சியைப் பற்றி ஹால் 1973-லேயே இதற்கு அடிப்போட்டுவிட்டார்: அனுப்புகிறவர் ஓர் அர்த்தத்தை வைத்து அனுப்புகிறார், பார்ப்பவர் அதை அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்றுப் பாதியைத் தன் வாழ்க்கைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், முற்றிலும் எதிராகவும் வாசிக்கலாம்.

நீ உடனே வைரத்தை எடுத்துக்காட்டி என்னை மடக்கப் பார்ப்பாய் என்று தெரியும். நியாயமான வாதம்தான். டி பியர்ஸ் நிறுவனம் 1938-இல் ஒரு விளம்பர நிறுவனத்தை நாடியது. அங்கு பணியாற்றிய ஃபிரான்சஸ் கெரட்டி, வைரம் என்றென்றைக்கும் உரியது என்ற அந்தப் புகழ்பெற்ற வரியை 1947-இல் எழுதினார். ஜப்பானில் 1967-இல் திருமணம் நிச்சயமான பெண்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களே வைர மோதிரம் பெற்றார்கள். 1981-இல் அது ஏறத்தாழ அறுபதாக உயர்ந்தது. காசு செலவழித்தால் ஒரு சடங்கையே உருவாக்கிவிடலாம் என்பதற்கு இதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது, அது எனக்கு மனக்கசப்பையும் தருகிறது. ஆனாலும் ஒன்றைச் சேர்த்துப் பார்: கொடுத்த வாக்குக்குக் கண்ணால் காணும்படியான ஒரு சாட்சி வேண்டும் என்ற ஆசை விளம்பரத்துக்கு முன்பே மனிதர்களிடம் இருந்தது. மோதிரம் அணிந்த பெண் தோழிகளிடம் கையை நீட்டிக் காட்டிய ஒவ்வொரு முறையும் அந்த விளம்பரம் சம்பளமில்லாமல் ஒளிபரப்பானது. அந்தக் கை நீளாதிருந்தால் வரி மட்டும் என்ன செய்திருக்கும்?

இப்போது உன் கருவிக்கு வருகிறேன். இதே வகைக் கருவிக்காக 1980-களின் இறுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வந்தது. தரையில் கிடக்கும் ஒரு மூதாட்டி, விழுந்துவிட்டேன், எழுந்திருக்க முடியவில்லை என்று கதறுவார். பார்த்தவர்கள் பதறுவார்கள் என்று எடுத்திருப்பார்கள். ஆனால் அந்த வரி நாடெங்கும் கேலிப்பேச்சாகி, சட்டைகளில்கூட அச்சாயிற்று. கருவி என்னவோ உயிர் காக்கும் கருவிதான். ஆனால் அதை அணிவது என்பது அந்தக் கேலியைக் கழுத்தில் மாட்டிக்கொள்வதாகிவிட்டால், எத்தனை பேர் மனமுவந்து அணிவார்கள்?

நீ அனுப்பியிருந்த மாதிரிப் படத்தை இரண்டு முறை பார்த்தேன். நாற்காலியில் தனியாக ஒரு தாய். வேறோர் இடத்தில் கைப்பேசியைப் பார்த்து நிம்மதியாகப் புன்னகைக்கும் மகள். அந்தப் படம் மகளிடம்தான் பேசுகிறது, ஏனென்றால் பணம் கட்டப்போகிறவள் அவள். அவளுக்கு அது அன்பின் அடையாளம். அலுவலகத்தில் இருந்தபடியே அம்மாவைப் பார்த்துக்கொள்கிறோம் என்ற ஆறுதல். ஆனால் அணியப்போகிறவர் தாய். அவருக்கு அந்த வெள்ளை வில்லையும் நடுவில் இருக்கும் பெரிய சிவப்புப் பொத்தானும், இனி உன்னைத் தனியே விட முடியாது என்று யாரோ எழுதிக் கொடுத்த சான்றிதழ் போலத் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. வாங்குபவரும் அணிபவரும் வெவ்வேறாக இருக்கும்போது, ஒருவருக்கு இனிக்கும் அர்த்தம் மற்றவருக்குக் கசப்பதற்கு இடமுண்டு என்பதை உன் குழுவில் யாராவது பேசினார்களா?

2018-இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைக்கடிகாரத்துக்குள் இதே விழுதலைக் கண்டறியும் வசதியை வைத்தது. செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கடிகாரம் கட்டியவரைப் பார்த்து யாரும் பரிதாபப்படுவதில்லை, ஓடப்போகிறார் போலும் என்றுகூட நினைப்பார்கள். அந்தச் செல்வாக்கு, வயது வித்தியாசமில்லாமல் அதை ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த மக்கள் கூட்டத்திலிருந்து வந்தது. ஆகவே சிவப்புப் பொத்தானின் நிறத்தைப் பற்றிப் பேச வடிவமைப்பாளர்களிடம் உனக்கு இன்னும் வாய்ப்பு இருந்தால், வாசகம் எழுதுவதற்கு முன்பே அதைப் பேசிவிடு. கருவி திரட்டும் தகவல் யார் யாருக்குப் போகும் என்ற விதியையும் கேட்டுத் தெரிந்துகொள். நான் எத்தனை மணிக்கு எழுந்தேன் என்பது என் பிள்ளைகளுக்குத் தெரியும் என்றால் அது எனக்கு ஒரு பொருள். நான் அழைத்தால் மட்டுமே தெரியும் என்றால் முற்றிலும் வேறு பொருள்.

சோதனைக்காகச் சிலரிடம் கருவியைக் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். பிடித்திருக்கிறதா என்று கேட்டால் மரியாதைக்காகப் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். சட்டைக்கு வெளியே அணிகிறார்களா, உள்ளே மறைத்துக்கொள்கிறார்களா, விருந்தினர் வந்தால் கழற்றி வைக்கிறார்களா, அதற்கு என்ன பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார். எனக்கும் ஒன்று அனுப்பு. அணிந்து பார்த்து, எப்போதெல்லாம் கழற்றினேன், யார் எதிரில் கழற்றினேன் என்பதையும் சேர்த்து மறைக்காமல் எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா